புழுக்கத்தில் ஓடும் மூத்த உடல்

வெயில், வெக்கை, புழுக்கம் ஆகிய மூன்று சொற்களையும் பேச்சில் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குவோர் உண்டெனினும், உடலியல் நோக்கில் அவை மூன்று வேறு நிலைகளைக் குறிக்கின்றன. வெயில் என்பது கதிரவனிடமிருந்து நேரே வந்து தோலைச் சுடும் கதிர்வீச்சு. வெக்கை என்பது சூடேறிய தரையும் சுவரும் காற்றும் திருப்பித் தரும் வெப்பம். புழுக்கம் என்பதோ காற்றில் நீராவி மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாக வழியின்றித் தோலிலேயே தங்கிவிடும் நிலை. ஊறவைத்த நெல்லை அவித்துப் பெறும் அரிசியைப் புழுங்கலரிசி என்கிறோம்; அந்தப் புழுங்கலுக்கும் இந்தப் புழுக்கத்துக்கும் வினையடி ஒன்றே. சொல்லை ஆக்கியவர்கள் இயற்பியல் படித்திராவிட்டாலும் இயற்பியலைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

சென்னையில் மாரத்தான் போட்டி ஜனவரியில் நடைபெறுகிறது. 42.195 கிலோமீட்டர் தொலைவுக்கு உடலை ஆயத்தப்படுத்த 16 முதல் 20 வாரங்கள் தேவை என்பது பயிற்சியாளர்களின் பொதுவான கணக்கு ஆதலால், அதற்கான பயிற்சி ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கிவிடுகிறது. அம்மாதங்களில் விடியற்காலையிலும் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. அதன் பிறகு, ஆண்டு மழையில் பாதிக்கும் மேலானதைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பர்வரை காற்றை ஈரமாகவே வைத்திருக்கிறது. ஆகவே இந்நகரில் மாரத்தானுக்குப் பயில்பவர் வார இறுதி நீள் ஓட்டங்களுள் பெரும்பாலானவற்றைப் புழுக்கத்தில்தான் ஓடித் தீர்க்கிறார். அறுபதை ஒட்டிய வயதில், ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாமல் ஓடும் ஒருவருக்கு அப்பருவத்தில் வேகத்தின் உச்சவரம்பை வகுப்பது தொடையின் வலிமையோ மூச்சின் நீளமோ ஆவதைவிட, உடலில் பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஆகிறது. அதனால்தான் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரம் காட்டும் எண் இந்த மாதங்களில் நம்பத்தகாத அளவுகோலாகிவிடுகிறது.

இதன் அடிப்படைக் கணக்கு எளிமையானது. சமதரையில் ஓடும் மனிதர், தம் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 60 கிலோ எடையுள்ளவரின் செலவு மணிக்கு 480 கிலோகலோரி. தசை என்பது அவ்வளவு சிக்கனமான பொறியன்று. எரித்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இயக்கமாக மாற, எஞ்சிய 380 கிலோகலோரி அளவு வெறும் வெப்பமாக உடலுக்குள் சேர்கிறது. அதே உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோகலோரி போதும். வெப்பம் சிறிதும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், 37 டிகிரியில் தொடங்கும் அவருடைய மைய உடல்வெப்பம், அதாவது இதயம், மூளை, குடல் முதலிய உள்ளுறுப்புகளின் வெப்பநிலை, எட்டு நிமிடங்களுக்கு ஒரு டிகிரி வீதம் ஏறி, அரைமணிக்குள் 40 டிகிரியைக் கடந்துவிடும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அவர் பிழைத்திருப்பதற்குக் காரணம் வியர்வை.

இன்னும் துல்லியமாகச் சொன்னால், காரணம் ஆவியாகும் வியர்வையே. நீர் ஆவியாக மாறுகையில் தன் வெப்பநிலை உயராமலேயே உட்கொள்ளும் வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பர். தோலின் மேல் ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் அது 580 கிலோகலோரி அளவு வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. எனவே மேற்கண்ட ஓட்டக்காரருக்கு மணிக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவான வியர்வை ஆவியானாலே போதும். ஆனால் புழுக்கமான காலையில் அவர் ஒன்றேகால் லிட்டர் வியர்த்தும் குளிர்ச்சி பெறாமல் தவிக்கக்கூடும். முழங்கையிலிருந்து சொட்டிய துளி உடலுக்குச் செய்த உதவி ஏறத்தாழ ஒன்றுமில்லை. பனியனைப் பிழியும்போது வடியும் நீரும், ஓடும்போது சதக் சதக்கென்று ஒலிக்கும் காலணிக்குள் தேங்கிய நீரும் அவ்வாறே குருதியிலிருந்து பிரிந்து வந்து வேலை செய்யாமல் வீணான நீர். நிறைய வியர்ப்பதை நல்ல பயிற்சியின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் ஓட்டக்காரர்களிடையே வேரூன்றியிருப்பினும், புழுக்கத்தில் அது பெரும்பாலும் தோல்வியுற்ற குளிர்விப்பின் அடையாளமே.

வியர்வை எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதைத் தோலின் மேற்பரப்பிலுள்ள ஆவியழுத்தத்துக்கும் காற்றின் ஆவியழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு தீர்மானிக்கிறது; ஆவியழுத்தம் என்பது காற்றிலுள்ள நீராவி மட்டும் தன் பங்காகச் செலுத்தும் அழுத்தம். 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலில் அது பாதரச அளவில் 42 மில்லிமீட்டர். சென்னையின் விடியற்காலையில் வெப்பநிலை 26 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் காற்றின் ஆவியழுத்தம் 23 மில்லிமீட்டர், இடைவெளி 19. கடலிலிருந்து தொலைவிலுள்ள ஓர் ஊரில் கோடைப் பிற்பகலில் வெப்பநிலை 35 டிகிரியும் ஈரப்பதம் 30 விழுக்காடுமாக இருந்தால் காற்றின் ஆவியழுத்தம் 13 மில்லிமீட்டரே, இடைவெளி 29. வெப்பமானி ஒன்பது டிகிரி கூடுதலாகக் காட்டும் இடத்தில் வியர்வை ஒன்றரை மடங்கு எளிதாக உலர்கிறது. (அந்தப் பிற்பகலில் ஓடச் சொல்வதாக இதைக் கொள்ளக் கூடாது. அங்கே வெயில் தனியாகச் சேரும். காற்றே தோலளவுக்குச் சூடாக இருப்பதால் அதற்கு நேரடியாகக் கடத்தப்படும் வெப்பமும் நின்றுபோகும்.)

ஒப்பு ஈரப்பதம் என்னும் அளவு இவ்விடத்தில் பலரைக் குழப்புகிறது. அது காற்றிலுள்ள நீராவியின் அளவைக் கூறுவதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்பதையே கூறுகிறது. காலையில் 26 டிகிரியில் 90 விழுக்காடு காட்டிய அதே காற்று, ஒரு துளி நீராவியும் கூடாமல் குறையாமல், நண்பகலில் 34 டிகிரிக்குச் சூடேறினால் 57 விழுக்காடு என்று காட்டும். ஆகவே ஈரப்பதம் குறைந்த பிறகு ஓடலாம் என்று எட்டு மணிவரை காத்திருப்பவர் ஆவியாதலில் ஏதும் ஈட்டாமல் வெயிலை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார். ஓட்டக்காரர் பார்க்க வேண்டிய எண் பனிநிலை. அதாவது, காற்றைக் குளிர்வித்துக்கொண்டே சென்றால் எந்த வெப்பநிலையில் நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. மேற்சொன்ன காற்றுக்கு அது காலையிலும் நண்பகலிலும் 24 டிகிரிதான். வானிலைச் செயலிகள் பலவும் இதைக் காட்டுகின்றன என்றாலும் பயன்படுத்துவோர் குறைவு.

தோலையொட்டி நிற்கும் ஈரமான காற்றுப்படலத்தை அகற்றுவது காற்றோட்டத்தின் வேலை. ஓடுபவர் தம் வேகத்தாலேயே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். மணிக்கு 8 கிலோமீட்டரில் ஓடுபவருக்கு அது நொடிக்கு 2.2 மீட்டர். தெற்கிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும் நாளில் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி ஓடினால், மரக்கிளைகள் அசைந்துகொண்டிருக்க, அவருடைய தோலுக்கு மட்டும் காற்றே இல்லை. திரும்பி ஓடும்போது எதிர்க்காற்று காலைத் தடுப்பதுபோல் தோன்றினாலும் உடல் குளிர்கிறது. எனவே முதற்பாதியைப் பின்காற்றிலும் களைத்த பிற்பாதியை எதிர்க்காற்றிலும் அமைத்துக்கொள்வது புழுக்க நாளுக்கு ஏற்ற ஏற்பாடு.

இத்தனையும் எல்லா வயதினருக்கும் பொது. முதுமை இக்கணக்கில் எங்கெங்கே கைவைக்கிறது என்பதே அடுத்துக் காண வேண்டியது. இதயம் ஒரு நிமிடத்தில் அடிக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை வயதுடன் குறைகிறது. 208 என்ற எண்ணிலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்துக் கிடைக்கும் சராசரியின்படி அறுபது வயதில் அது 166. பயிற்சியால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு சரிவதைப் பாதியாகக் குறைக்க முடியும் என்று அறியப்பட்டிருந்தாலும், இதயத்துடிப்பின் இந்தச் சரிவை எந்தப் பயிற்சியும் தடுப்பதில்லை. புழுக்கத்தில் இதயத்துக்கு இரண்டு எசமானர்கள்: தசைக்கு ஆக்சிஜன் கொண்டுசெல்லும் குருதியையும், உள்வெப்பத்தைத் தோலுக்குச் சுமந்துவரும் குருதியையும் அது ஒரே கொள்கலத்திலிருந்து பங்கிட வேண்டியிருக்கிறது. முதியவரின் இதயத்துக்கு இப்பங்கீட்டில் கையிருப்பு குறைவு. அதோடு தோலின் நுண்ணிய குருதிக்குழாய்கள் இளையோருடையவை போல் விரிவதில்லை என்பதால், அதே உள்வெப்பத்தில் முதியவர் தோலுக்குப் பாயும் குருதி 25 முதல் 40 விழுக்காடு வரை குறைவாக இருப்பது ஆய்வுகளில் அளக்கப்பட்டுள்ளது.

வியர்வைச் சுரப்பிகளைப் பொறுத்தவரை ஒரு வியப்பான செய்தி உண்டு. வயதாவதால் சுரப்பிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. ஒவ்வொரு சுரப்பியும் சுரக்கும் அளவே குறைகிறது. அந்தக் குறைவும் உடல் முழுவதும் ஒரே சமயத்தில் நேர்வதில்லை. கால்களில் தொடங்கி, முதுகு, மார்பு, கைகள் வழியே ஏறித் தலையைக் கடைசியில் அடைகிறது என்று ஜப்பானிய உடலியலாளர்கள் கண்டறிந்தனர். நெற்றியில் வியர்வை வழிந்தோடும் மூத்த ஓட்டக்காரரின் கெண்டைக்கால்கள் ஒப்பளவில் உலர்ந்திருப்பதை இதனால் விளக்கலாம். உடல் உழைப்பை விடாதவர்களிடம் இச்சரிவு மெதுவாகவே நிகழ்கிறது. பல ஆண்டுகள் ஓடிவரும் அறுபது வயதினர், ஓடாத நாற்பது வயதினரைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்குவது அரிதன்று. தாகத்தின் கதை வேறு. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் 67 முதல் 75 வயதுவரையுள்ள நலமான ஆண்கள் 24 மணி நேரம் நீரின்றி இருந்த பின்பும் இளையோரைவிடக் குறைவாகவே தாகம் உணர்ந்தனர், நீர் கிடைத்தபோதும் குறைவாகவே பருகினர். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்னும் அறிவுரை, தாக உணர்வே மழுங்கிய ஒருவருக்குப் போதுமானதாக இராது.

இப்போது கடிகாரத்துக்குத் திரும்பலாம். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது, வேகம் மாறாமலிருக்க இதயத்துடிப்பு மட்டும் படிப்படியாக ஏறுவதைத் துடிப்பு நகர்வு என்பர். வியர்வையால் குருதியின் நீர்ப்பகுதி குறைய, தோலில் குருதி தேங்க, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவு சிறுக்கிறது. அதை ஈடுகட்ட அது அடிக்கடி துடிக்கிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 130 என்றிருந்தது, அதே வேகத்தில் பதினைந்தாவது கிலோமீட்டரில் 150 ஆகலாம்; 166 என்ற உச்சவரம்பு உள்ளவருக்கு அது உரையாடிக்கொண்டே ஓடும் நிலையிலிருந்து பந்தய நிலைக்குத் தாவியதற்குச் சமம். வேகத்தை மட்டும் பார்த்து ஓடுபவர், எளிய ஓட்டம் என்று அட்டவணையில் எழுதப்பட்டிருந்ததைக் கடுமையான ஓட்டமாக ஓடி முடித்திருக்கிறார். அடுத்த மூன்று நாள் களைப்பு அதற்கான விலை. துடிப்பை 135க்குள் நிறுத்தி, வேகம் எங்கே இறங்கினாலும் இறங்கட்டும் என்று விடுவதும், தேவைப்பட்டால் ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் ஒரு நிமிடம் நடப்பதும் உடலியலுக்கு ஒத்த வழி. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்கு இந்த எண்களும் பொருந்தா. முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கான சோதனை.

நூல்களிலும் செயலிகளிலும் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் உருவானவை என்பதை மறந்துவிட முடியாது. பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு நகரங்களில் 2001 முதல் 2010 வரை ஓடியவர்களின் முடிவுகளை ஆராய்ந்தபோது, மிக விரைவான ஓட்டங்கள் 10 டிகிரிக்கும் குறைந்த வெப்பநிலையில் அமைந்திருந்தன. கனடாவின் எட் விட்லாக் 2004இல் தம் 73ஆம் வயதில் டொராண்டோவில் 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் மாரத்தானை முடித்தார். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் நாள்தோறும் மணிக்கணக்காக மெதுவாகச் சுற்றிவந்ததே அவருடைய பயிற்சி. அந்தப் பொறுமை சென்னைக்கும் பொருந்தும். அவருடைய நிமிடக் கணக்கு பொருந்தாது.

உடல் வெப்பத்துக்கு இசைவதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். வெப்பத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உழைக்கும் உடலில் முதல் ஐந்து நாட்களுக்குள் குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. பத்து, பதினான்கு நாட்களில் வியர்வை முன்னதாகவே தொடங்கி, மிகுதியாகச் சுரந்து, உப்பைக் குறைவாக இழக்கிறது. இதை முதலில் முறைப்படுத்தியவர்களுள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் மருத்துவர்கள் முக்கியமானவர்கள். நுரையீரலை அரிக்கும் கல்தூசியை அடக்க நீர் தெளித்ததால் ஆழத்தில் காற்று நீராவியால் நிறைந்து தொழிலாளர் மடிந்ததைக் கண்டு, புதியவர்களைப் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்கும் முறையை அவர்கள் 1930களில் வகுத்தனர். அறிவியலின் இந்தப் பகுதி எத்தகைய சுரண்டலின் நடுவே பிறந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டியதே. மூத்தோருக்கும் இந்த இசைவு கைகூடுகிறது, சற்றே மெதுவாக. ஆனால் சென்னையில் பிறந்து வளர்ந்ததால் மட்டும் அது வந்துவிடுவதில்லை. குளிரூட்டிய வீடு, வண்டி, அலுவலகம் என்று நாளைக் கழிப்பவர் வெப்பத்தில் ஓடாத ஒவ்வொரு நாளும் ஈட்டியதில் இரண்டு, மூன்று விழுக்காட்டை இழக்கிறார். மேலும், கூடுதலாகச் சுரக்கும் வியர்வை வறண்ட வெப்பத்தில் தரும் ஆதாயத்தைப் புழுக்கத்தில் தருவதில்லை. நெடுநேரம் நனைந்த தோல் ஊறிப் பருத்து வியர்வை நாளங்களின் வாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. கையிடுக்கில் ஒரு சிறு துண்டைச் செருகிக்கொண்டு அவ்வப்போது உடலைத் துடைத்துக்கொள்வது இதற்கு எளிய மாற்று.

நீரைப் பற்றி அறிய வீட்டிலுள்ள எடைக்கருவியே போதும். ஓடுமுன் 64.0 கிலோ இருந்தவர், ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் அரை லிட்டர் பருகி, உலரத் துடைத்துக்கொண்டு நிற்கையில் 62.6 காட்டினால், அவர் இழந்தது 1.9 லிட்டர், மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகம். இதை முழுவதும் ஈடுசெய்ய முயலக் கூடாது, ஏனெனில் ஓடும் வயிறு அவ்வளவை ஏற்காது. மிகுதியாகப் பருகுவது வேறோர் ஆபத்தையும் கொணரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் குருதியைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பளவுக்குக் கீழே நீர்த்துப்போயிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடி, தொடக்கத்தைவிட எடை கூடி முடித்தவர்களே இதில் மிகுதி. மெதுவாக ஓடும் மூத்தவர் இந்த வரையறைக்குள் அப்படியே அடங்குகிறார். ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக ஒரு கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் சமையல் உப்பு, வெளியேறுகிறது. இளநீர் பொட்டாசியம் நிறைந்தது, சோடியத்தில் மெலிந்தது. அதை மட்டும் நம்பி ஐந்து மணி நேரம் ஓட முடியாது. உப்பிட்ட நீர்மோரும், வயிற்றுப்போக்குக்காக மருந்துக்கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இழப்புக்கு நெருங்கியவை. குருதியழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவரும், நீர்ப்பெருக்கி மாத்திரை எடுப்பவரும் இந்த அளவை மருத்துவரிடமே முடிவு செய்துகொள்ள வேண்டும். நீள் ஓட்டத்துக்கு முன் மூட்டுவலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம், நீர் குறைந்த சிறுநீரகத்தின் குருதியோட்டத்தை மேலும் சுருக்கிவிடும் என்பதால், கைவிடத்தக்கது.

உடலை முன்கூட்டியே குளிர்விக்க, ஓடுவதற்கு அரைமணி முன்பு பனிக்கட்டியைக் கூழாக அரைத்து உண்பது இன்னொரு வழி. உருகும் பனிக்கட்டி கிலோவுக்கு 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சுவதால், அரை கிலோ கூழ் உருகி உடல்வெப்பத்தை எட்டுகையில் 58 கிலோகலோரியை எடுத்துக்கொள்கிறது. 60 கிலோ உடலுக்கு அது ஏட்டளவில் ஒரு டிகிரிக்கு மேல், நடைமுறையில் அதில் ஏறக்குறையப் பாதி. சளி பிடிக்கும் என்ற அச்சத்தால் நம்மூரில் இதை ஏற்பவர் குறைவு.

மைய வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, பேச்சு குழறி, நடை தள்ளாடி, எங்கிருக்கிறோம் என்பதே புரியாமல் போகும் நிலை உழைப்பு வெப்பத்தாக்கு எனப்படுகிறது. வியர்வை நின்றுவிட்டால்தான் வெப்பத்தாக்கு என்பது தவறான எண்ணம். ஓடி விழுந்தவர் பெரும்பாலும் நனைந்தே இருப்பார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் ஃபால்மவுத் ஓட்டம் 11.3 கிலோமீட்டரே எனினும், 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு இந்நிலை நேர்ந்தது. விழுந்த இடத்திலேயே பனிக்கட்டி நீர்த்தொட்டியில் அமிழ்த்தியதால் அனைவரும் பிழைத்தனர். மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே குளிர்வித்துவிட வேண்டும் என்ற விதி இத்தகைய அனுபவங்களால் உறுதிப்பட்டது. தேர்ந்த வீராங்கனையருக்கும் புழுக்கம் சலுகை தருவதில்லை: 2019 உலகத் தடகளப் போட்டியில் தோஹாவில் வெயிலைத் தவிர்க்க நள்ளிரவில் தொடங்கிய பெண்கள் மாரத்தானில், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் 70 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதத்திலும், 68 பேரில் 28 பேர் முடிக்காமல் விலகினர்.

வெப்ப ஆபத்தை மதிப்பிடப் போட்டி அமைப்பாளர்கள் கருதிப்பார்க்கும் ஈரக்குமிழ் கருங்கோளக் குறியீடு, 1950களில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவின் பயிற்சி முகாம்களுக்காக உருவானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, கருநிறக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு, சாதாரண வெப்பமானியின் அளவில் பத்தில் ஒன்று எனக் கூட்டி அதைப் பெறுகின்றனர். மேலே கண்ட 26 டிகிரி விடியற்காலைக்கு, வெயிலே இல்லாமல், அது 25. ஜனவரியில் காற்று குளிர்ந்து பனிநிலையும் இறங்குவதால் குறியீடு தாழ்ந்தே தொடங்கும். ஆனால் அந்தச் சலுகை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும் ஓட்டத்தை மூன்று மணி நேரத்தில் முடிக்கும் இளைஞருக்குக் கிடைக்கும் வெயில் அரைமணி அளவே. ஐந்தேகால் மணி நேரம் எடுக்கும் மூத்தவருக்கு, சூரியன் ஆறரையை ஒட்டி எழுந்த பின், களைத்த கால்களோடு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் எஞ்சியிருக்கிறது. அந்நேரத்தில் கருங்கோளம் காற்றைவிட 14 டிகிரி கூடுதலாகக் காட்டினாலே குறியீடு ஏறத்தாழ 3 டிகிரி ஏறிவிடும். எனவே விடியலுக்கு முன்பே எல்லாப் பயிற்சியையும் முடித்துவிடும் மூத்த ஓட்டக்காரர், தம் போட்டியின் பிற்பாதியை ஒருமுறையும் ஒத்திகை பார்க்காதவராகிறார். மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாவது நீள் ஓட்டத்தின் கடைசி ஒரு மணி நேரம், வெளிர்நிறத் தொப்பியும் நடக்கத் தயங்காத மனமுமாக, எட்டு மணி வெயிலில் அமைவது நல்லது. கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி ஓடினால் அந்த வெயில் இடத்தோளில் விழும், திரும்பி வரும்போது வலத்தோளில்.